உங்கள் சுறாவின் நீளம்

ஏனுங்க,

இன்றைக்குக் காலையில் மோட்டார் ரூமைத் திறந்தேன். மூலையில் நீங்கள் வாங்கிப் போட்ட சுண்ணாம்புத் தூள் மூட்டை இருந்தது. பாதிக்கு மேல் மீதி. வாயைப் பிரித்ததும் அந்தக் காரநெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். தலையில் துண்டு, புருவமெல்லாம் வெள்ளை. "அம்மணி, வாலைப் புடிச்சுட்டு அங்கயே நில்லு, நகந்துபோடாதே!" என்று நம் சோளக்காட்டின் மறுகோடியிலிருந்து கத்துகிறீர்கள். என் கையில் இருந்தது அளக்கிற டேப்பின் முனைதான். உங்களுக்கு அது சுறாமீனின் வால்.

நம் இருவருக்கும் கடல் என்றால் ராமேஸ்வரம் போய் முழுக்குப் போட்டு வந்ததோடு சரி. பேத்தி கோயமுத்தூர் காலேஜில் விலங்கியல் எடுத்துப் படிக்கப் போய்த்தான் இந்த வம்பு வந்தது. நம் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள். ஐந்தாவதோடு நின்ற நான் அதை யாரிடம் வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். லீவுக்கு வந்தவள் போனில் பழங்காலத்துக் கடலைக் காட்டினாள். மெகலோடான் என்று ஒரு சுறா, வாயைத் திறந்தால் மாட்டுவண்டி உள்ளே போய்விடும். மொசாசர் என்று இன்னொன்று, உடும்பு வகையறா. கால்கள் துடுப்பாகிப் போன, பஸ்ஸைவிட நீளமான உடும்பு. இரண்டுமே இப்போது உலகத்தில் இல்லை.

பார்த்த மாத்திரத்தில் நீங்கள் சுறா பக்கம் போய்விட்டீர்கள். நான் உடும்பின் பக்கம்.

"மேல வந்து மூச்சு உடற சீவனுக்கு என்ன பலம் இருக்கப் போவுது?" என்றீர்கள்.

"மூச்சை அடக்கத் தெரிஞ்ச சீவனுங்க அது. நீங்க மொதல்ல பீடியை உட்டுப்போட்டு வந்து மூச்சைப் பத்திப் பேசுங்க" என்றேன். பேத்தி சிரித்ததில் போன் கீழே விழுந்தது.

அடுத்த தடவை வரும்போது அவள் ஒரு பல் கொண்டுவந்தாள். மெகலோடான் பல்லை அச்செடுத்துச் செய்தது, என் உள்ளங்கையை நிறைத்தது. சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் காதுமடல் மாதிரிக் குருத்துதான், அதனால் உடம்பு மக்கிப் போய்விடும், பல்தான் மிஞ்சும், அதை வைத்துத்தான் நீளத்தைக் கணக்குப் போடுகிறார்கள் என்றாள். அதைக் கேட்டதும் உங்கள் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே! ஆடி மாதம் தவறாமல் அந்தியூர் சந்தைக்குப் போனவர் நீங்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் ஒரு மாட்டுக்கும் விலை சொன்னதில்லை. ரெண்டு பல், நாலு பல், பல் சேர்ந்தது, தேய்ந்தது என்று பார்த்தவுடனே வயதைச் சொல்லிவிடுவீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பல்லின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினீர்கள். கருக்கரிவாள் மாதிரிப் பொடிப்பொடியாய்ப் பல்வெட்டு, ஒன்றும் மழுங்கவில்லை.

"இது தேயவே இல்லையே. அப்பொ இது கன்னு. கன்னுக்கே இத்தாச்சோட்டுப் பெரிய பல்லுன்னா, வளந்தது எத்தாச்சோடு இருந்திருக்கும்!"

சோளம் அறுத்து முடிந்து காடு சும்மா கிடந்தது. பேத்தி காலேஜுக்குத் திரும்பியதும் டேப்பும் சுண்ணாம்புமாக நீங்கள் இறங்கினீர்கள். அவள் சொல்லிவிட்டுப் போன அளவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி வரைந்தீர்கள். மூக்கு கிணற்று மேட்டில், வால் வேலியைத் தாண்டி ஊராட்சி ரோட்டில். பால் வண்டிக்காரர் நிறுத்தி, வாலின் மேல் ஓட்டலாமா கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தோடு விட்டீர்களா? நான் படித்த அதே ஆரம்பப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம், கோடை லீவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லி நாளும் குறித்துவிட்டு வந்தீர்கள்.

பேத்தி வந்து பார்த்தாள். வால்வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்து, "அப்பாரு, இது எந்தூருச் சுறா?" என்றாள். சுறாவுக்குப் பல் விழ விழ ஆயுசு முழுக்கப் புதுப்பல் முளைத்துக்கொண்டே இருக்குமாம். தேயாத பல்லை வைத்து அது கன்று என்று சொல்ல முடியாதாம்.

நீங்கள் ரோட்டில் கிடந்த வாலை ஒரு தரம் எட்டிப் பார்த்தீர்கள். பிறகு, "அப்படீன்னா அந்தியூர்ல அதுக்கு எப்படித்தான் வெல பேசறது?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தீர்கள். "அழிச்சுப்போட்டுச் சரியாப் போடோணும் அம்மணி. உள்ளதுக்கு மேல சொல்லி ஒரு மாட்டையும் நான் வித்ததில்ல" என்றீர்கள்.

அழிக்க உங்களுக்கு நாள் கிடைக்கவில்லை. மாசி முடிவதற்குள் போய்விட்டீர்கள். ஒரு மழை வந்து சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது.

காரியத்துக்கு வந்தவர்கள் உங்களைப் பற்றிப் பேசினார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்றார்கள். யாரிடமும் கோபித்ததில்லை என்றார்கள். வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வருஷக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்த மனிதரைத்தான் சொன்னார்கள். பாசத்தில் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்கக் கேட்க, நான் குடும்பம் நடத்திய ஆளை யாரோ தூக்கிக்கொண்டு போய் வேறொருவரை உட்கார வைப்பது போல் இருந்தது.

பள்ளிக்குச் சொன்ன சனிக்கிழமை நெருங்கியது. வரைந்தே தீருவது என்று நான் இருப்பதைக் கேள்விப்பட்டு உங்கள் அக்கா வந்தார்.

"ஏனம்மிணி, வருசம்கூடத் திரும்பலே. அதுக்குள்ளே கூட்டம் கூட்டி மீனு வரையறேன், பல்லி வரையறேன்னா ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. நாளு குறிச்சது உங்க தம்பிதானுங்க. அவரு சொன்ன சொல்லை நான் எப்படிங்க மாத்தறது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நம் மகன் சமாதானத்துக்கு வந்தான். "சரிம்மா, செஞ்சுபோடலாம். ஆனா அப்பா போட்ட அளவுலயே போட்டு உட்டரலாம். அவரு நெனப்பா இருக்கட்டுமே. கொழந்தைங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. "உங்கப்பன் அழிக்கச் சொன்னதை நான் மறுபடி வரையறதா? டேப்பை எடு" என்றேன்.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தோம். பேத்தி அளவு சொல்ல, மகன் டேப்பைப் பிடிக்க, நான் குனிந்து சுண்ணாம்பு போட்டேன். முட்டி வலித்தது, விடவில்லை. உங்கள் சுறாவுக்கு அறுபது அடி. பக்கத்தில் என் உடும்பு, ஐம்பதுக்கும் சற்றுக் குறைவு. அதன் வால் நுனியில் இன்னும் நாலு கை தூள் தூவிவிடலாமா என்று கை பரபரத்தது. நீங்கள் இருந்திருந்தால் தூவியே இருப்பேன், கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவீர்கள் என்று. எதிராளி இல்லாத இடத்தில் மனசு வரவில்லை.

காலையில் பிள்ளைகள் வந்தார்கள். சுறாவின் வாய்க்குள் ஒரு வகுப்பே உட்கார்ந்தது. வாலுக்கும் மூக்குக்குமாக ஓடி ஓடிப் புழுதி கிளம்பியது. ஒரு சின்னப் பெண் என் சேலையைப் பிடித்து இழுத்து, "ஆத்தா, ரெண்டுல எது செயிச்சுதுங்க?" என்றாள்.

"ரெண்டும் பாத்துக்கவே இல்ல கண்ணு. உடும்பு செத்துப் போயி பல கோடி வருசம் கழிச்சுத்தான் சுறாவே வந்துச்சு. நீளத்துல சுறாதான். நான் தோத்துட்டேன்."

"பலத்துல?"

"அதை நான் இன்னும் ஒத்துக்கலே."

பிள்ளைகள் போன பிறகு, வேலியோரம் உங்கள் அக்கா நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தாரோ. கம்பை ஊன்றிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்.

"இதுல என்ற தம்பியோடது எது?"

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாமே அம்மிணி. அவன் மொதல்ல ரோடு வரைக்கும் போட்டான்னு சொன்னாங்களே."

"இல்லீங்க. அளவு இவ்வளவுதானுங்க."

அவர் மூக்கில் தொடங்கிக் கோட்டை மிதிக்காமல் ஓரமாக நடந்தார். பாதியில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். வால் நுனிக்குப் போய்ச் சேர்ந்து, வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுவே பெருசாத்தான் இருக்குது" என்றார்.

நானும் உங்களை அப்படித்தான் வைத்திருக்கிறேன். யாராவது இல்லாத பெருமையை உங்கள் தலையில் ஏற்றினால், அப்படியில்லீங்க என்று அங்கேயே திருத்திவிடுகிறேன். பொல்லாதவள் என்கிறார்கள், என்றுவிட்டுப் போகட்டும். நான் ஒரு அடி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருந்த அளவுக்கே இந்த வீடு உங்களைக் கொள்ளவில்லை.