படத்துத் தங்கைக்கு அழுத அண்ணன்

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

இன்று மத்தியானம் டிவியில் படம் பார்த்தது நான், மகன் சேகர், மருமகள் செல்வி, பேத்தி காவியா, மடுகரையிலிருந்து வந்திருந்த என் அண்ணன் கோதண்டம்.

படத்தில் ஒருத்தி புருஷனை இழக்கிறாள். கருமாதியில் பிறந்த வீடு போர்த்தும் கோடிப் புடவையை அண்ணன்காரன் கொண்டுவரவில்லை. கடைசியில் வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்கிறான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுகிறாள். செல்வி மூக்கைச் சிந்தினாள்.

"செம கிளைமாக்ஸ் ஆயா," என்றாள் காவியா.

"இன்னா செம? கோடி போடாதவன வாசல்லியே நிக்க வெச்சிருக்கணும்."

"படந்தானே, வுடு ஆயா."

அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தான். "தங்கச்சின்னா இப்படித்தான்டி இருக்கணும்," என்றான் என்னைப் பார்த்து.

சேகர் டிவியை அணைத்துவிட்டான். அவனுக்குத் தெரியும். அவன் அப்பா கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிக்காக ஊரே காத்துக் கிடந்தது. கரும்பு வெட்டு நடக்கிறது, வர முடியாது என்று அண்ணன் ஆளிடம் சொல்லி அனுப்பினான். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த புடவையைத்தான் என்மேல் போர்த்தினார்கள். பச்சைக் கரை போட்டது. பாச்சை உருண்டை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அன்றைக்கு வராத கண்ணீர் இன்றைக்கு எவளோ நடிகைக்கு வருகிறது.

கிளம்பும்போது மோர் கேட்டான். கொடுத்தேன். வந்தவர்களுக்குக் கொடுப்பது வேறு. படத்துக்காரி மன்னித்தால் மன்னிக்கட்டும். நான் மன்னிக்க மாட்டேன், கோதண்டத்தை.