லெந்து முடியட்டும் என்றாய்

அக்கா,

இன்று காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக ஒரு லிட்டர் தண்ணீரில் அந்தப் பொடியைக் கொட்டிக் கரண்டியால் கலக்கினேன். எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, சீர்காழியில் உன் வீட்டுச் சமையலறையில், இதே பொடியை உனக்காகக் கலக்கியது நான்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, "கடல்தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுக்கறியேடி, நான் உனக்கு என்னடி பாவம் பண்ணேன்?" என்று கேட்டாய். நீ சொன்னது சரிதான். உப்பும் புளிப்பும் வழவழப்புமாக, தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிற ருசி.

கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். நேற்று மாலையே ஒரு லிட்டர் முடித்திருந்தேன். அதற்கு முன் இரண்டு நாள் கீரை கிடையாது, விதை உள்ள காய் கிடையாது, வெறும் சோறும் மோரும். நேற்றுப் பகல் முழுக்க வடிகட்டிய ரசமும் இளநீரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருங்குடலைக் கவிழ்த்து வைத்த 'ப' எழுத்து மாதிரி வருஷா வருஷம் வரைந்து காட்டுகிறவள் நான். அதைக் கழுவிச் சுத்தம் செய்வது இத்தனை பெரிய வேலை என்று அந்தப் பாடப் புத்தகத்தில் இல்லை.

ஏழு மணிக்குள் எட்டுத் தடவை போய்விட்டேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, "மோட்டார் மூணாவது தடவையா ஓடுது. வாய்க்கால் தூர் வார்ற வேலையை இந்த வருஷம் நம்ம வீட்லயே ஆரம்பிச்சுட்டாங்க போலிருக்கு" என்றார்.

"சிரிக்காதீங்க. உங்களுக்கும் ஐம்பது ஆச்சு. அடுத்தது நீங்கதான்."

"எனக்கெதுக்கு? எனக்கெல்லாம் மணி அடிச்ச மாதிரி ஆகுது."

நீ இருந்திருந்தால் இதற்குப் பதிலுக்கு ஒன்று சொல்லி அவர் வாயை அடைத்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன் நானும் மலத்தில் ரத்தம் பார்த்திருந்தேன். மூலமாக இருக்கும் என்று நானும் முதலில் நினைத்தேன், உன்னைப் போலவே.

நீ மெலிந்துகொண்டே போன அந்த லெந்து காலத்தை நினைத்துக்கொண்டே டம்ளர்களை எண்ணினேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் நம் சபையில் பலர் கறி, மீன் தொட மாட்டார்கள். காலைச் சாப்பாட்டை விடுவார்கள். நீ அந்த வருஷம் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட்டாய். உபவாசம் என்றாய். உண்மையில் உனக்குப் பசி நின்று மாதக்கணக்காகியிருந்தது. லெந்து வந்ததும் அதற்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றோம். மாதர் சங்கத் தலைவி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா வைராக்கியம் பாருங்க! நாப்பது நாளும் ஒரே வேளை. முகத்துல எப்படி ஒளி வந்துருக்கு!" என்றார். உன் முகம் ரத்தம் வற்றி வெளிறியிருந்தது. நாங்கள் அதை ஒளி என்றோம். நானும்தான். "எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன், என் ரவிக்கையெல்லாம் இறுக்குது" என்று கேட்டேன். நீ உன் ரவிக்கைத் தோளைப் பிடித்துக் குத்தியிருந்த ஊக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாய்.

அன்று மதியம் உன் குளியலறைத் தரையில் நான் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "மூலம்டி. லெந்து முடியட்டும், பாத்துக்கலாம். இப்பப் போனா டாக்டர் முதல்ல சாப்பிடச் சொல்லுவார். பாதியில விட்டா சபையில என்ன நினைப்பாங்க?" என்றாய். அறிவியல் படித்த நானும் சரி என்றேன். லெந்து முடிந்தது. ஈஸ்டர் அன்று பிரியாணித் தட்டை என் பக்கம் நீ தள்ளி வைத்த பிறகுதான் உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காக இன்று நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போனோம். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சை கட்டி நின்றது. நான் வயலைப் பார்க்கவில்லை; எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மாப்பேட்டை தாண்டி ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எதிரே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீங்களா, கடைசியாக எப்போது தண்ணீர் குடிச்சீங்க, போனது தெளிவா வந்துச்சா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு தலை நிமிராமலே கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது குடல்ல கேன்சர் இருந்துருக்கா?"

"இல்லீங்க."

ஒன்பது வருஷப் பழக்கம், அக்கா. நாக்கு தானாகச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் உதவி செய்கிற நினைப்பில், "இவங்க அக்கா ஒருத்தங்க தவறிட்டாங்க. அது லிவர்" என்று எடுத்துக்கொடுத்தார். நர்ஸ் 'லிவர்' என்று எழுதிக்கொண்டார். அந்தப் பேனாவை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் நம்பித்தான் சொன்னார். அவரிடமும் சொல்லக் கூடாது என்று நீதானே கேட்டுக்கொண்டாய்.

உன் ரிப்போர்ட் வந்த அன்று, காரின் பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். முன்னால் அத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், அழுதுகொண்டே. "பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம். அம்மாவுக்குக் குடல்ல கேன்சர்னா நாளைக்கு அவளுக்கும் வரும்னு ஒருத்தன் வர மாட்டான். கல்லீரல்னு சொல்லிக்கலாம். அங்கயும்தான் பரவியிருக்கே, பொய்யும் இல்ல. சத்தியம் பண்ணுடி." பண்ணினேன். உன் மகள் அப்போது சென்னையில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து பார்த்தபோது உன் கண் மஞ்சளாகியிருந்தது. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றே மாதத்தில் போய்விட்டாய்.

பின்பக்கம் திறந்த ஒரு நீல அங்கியைக் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். கையில் ஊசி ஏற்றி டேப் ஒட்டினார்கள். இடது பக்கமாகப் படுத்து முழங்கால் இரண்டையும் நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொன்னார்கள். கூச்சமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயம் இருக்கும் இடத்தில் கூச்சத்துக்கு இடமில்லை. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, "எதாவது சொல்லணுமாம்மா?" என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும்.

"டாக்டர், எங்க அக்காவுக்கு லிவர்ல ஆரம்பிக்கல. குடல்லதான் ஆரம்பிச்சுது. நாப்பத்தோரு வயசுல."

அந்த வாக்கியத்தை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"ஃபார்ம்ல வேற மாதிரி இருக்கே?"

"என் வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தார்."

அவர், "ஊசி போடறோம். லேசாத் தூக்கம் வரும்" என்றார்.

முழுத் தூக்கம் வரவில்லை. திரை தெரிந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, வளையம் வளையமாக ஏதோ பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே காற்றை அடிக்கிறார்கள். வயிறு பிரசவத்துக்கு முன்பு போல உப்பிப் பிசைந்தது. "வளைவுல திரும்புது, மூச்சை இழுத்து விடுங்கம்மா" என்று நர்ஸ் வயிற்றின் மேல் கையை வைத்து அமுக்கினார். நீ அன்று வெளியே வந்து சொன்னது எனக்குக் கேட்டது: "டிவியில என்னையே காமிச்சாங்கடி. வாய்க்கால் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போச்சு. ஒரு இடத்துல மதகை அடைச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல போக முடியலேன்னு திரும்பிட்டாங்க."

ஒவ்வொரு வளைவிலும் அந்த மதகுக்காகக் காத்திருந்தேன். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு டாக்டர், "கடைசி வரைக்கும் போயாச்சு. இனிமே திரும்பி வரும்போதுதான் நல்லாப் பாப்போம்" என்றார். திரும்பும் வழியில் குழாய் ஓரிடத்தில் நின்றது. சின்னக் காளான் மொட்டு மாதிரி ஒன்று சுவரில் முளைத்திருந்தது. மெல்லிய கம்பி ஒன்று வந்து அதைச் சுருக்குப் போட்டு எடுத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வலிக்கவே இல்லை.

வெளியே கட்டிலில் போட்டார்கள். நர்ஸ், "காத்து போகும். வெக்கப்பட்டு அடக்காதீங்க, போனாத்தான் வயித்துவலி விடும்" என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் அந்த அறிவுரையைத் தாராளமாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இட்லி வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து டாக்டர் வந்தார். தெரிந்தேதான் அந்த நேரத்தில் வந்தார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு பாலிப் இருந்துச்சு, எடுத்தாச்சு. பாத்தா பயப்படற மாதிரி இல்ல. இருந்தாலும் பயாப்சிக்கு அனுப்பியிருக்கேன், ஒரு வாரத்துல தெரியும். இதை அப்படியே விட்டிருந்தா சில வருஷத்துல வேற மாதிரி மாறியிருக்கலாம். உங்களுக்கு ரத்தம் வந்தது மூலத்தாலதான். ஆனா அந்த மூலம் உங்களுக்கு நல்லது பண்ணியிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அக்காவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார்.

"ஒரு பொண்ணு. முப்பது வயசு."

"அம்மாவுக்குக் கண்டுபிடிச்ச வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே பாக்கணும். அப்படின்னா இப்பவே. அவங்களுக்கு விஷயம் தெரியும்ல?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். மயக்கத்தில் ஆட்டிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம். மயக்கம் தெளிந்துதான் இருந்தது.

அக்கா, உன் மகள் மயிலாடுதுறையில் நல்ல வீட்டில்தான் வாழ்கிறாள். போன வாரம் போனில் பேசினாள். "சித்தி, இந்த லெந்துல நானும் அம்மா மாதிரி ஒரே வேளைதான். எங்க அத்தை கூட ஆச்சரியப்படறாங்க. வருஷா வருஷம் லிவர் டெஸ்ட் எடுத்துடறேன், எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போறதில்ல. அம்மா மாதிரி ஆயிடக் கூடாதுல்ல?" நான் "நல்லதுடா" என்றேன். வேறென்ன சொல்வேன்? கொல்லைக் கதவு திறந்து கிடக்க, அவள் வாசலில் உட்கார்ந்து கண் விழித்துக் காவல் காக்கிறாள். வாசலைக் காட்டியது நாம். உன் பட்டினியை விரதம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அத்தானிடம் பேச்செடுத்தேன். "இப்பப் போய் சொன்னா, மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னுதான் சம்பந்தி வீட்ல பேசுவாங்க. அவ நிம்மதியா இருக்கா. விட்டுரும்மா" என்றார். அத்தான் கெட்டவர் இல்லை. அன்று காரை ஓட்டிக்கொண்டே அழுதவர் இன்னும் அந்தக் காரை விட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்துவிட்டோம், இப்போது மாலை நாலரை. இரண்டு இட்லி சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார். நான் உன் பழைய ஃபைலை பீரோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ போன பிறகு அத்தான் கொளுத்தச் சொன்ன ஃபைல் இது. கொளுத்திவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். எதற்காக வைத்திருக்கிறேன் என்று எனக்கே இத்தனை நாள் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் மயிலாடுதுறை போகிறேன். பயாப்சி முடிவு வரும் வரை காத்திருக்கப் போவதில்லை. அது நல்லதாக வந்துவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். அத்தானிடம் கேட்கப் போவதில்லை. அவள் மாமியாருக்குக் கேட்காத இடமாக, ஸ்டேஷனுக்கே அவளை வரச் சொல்லி, பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார வைத்து இந்த ஃபைலைக் கையில் கொடுப்பேன். முதலில் சாப்பிடச் சொல்வேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியம் வாங்கியவள் நீ, அதனால் உன்னிடம் முதலில் சொல்கிறேன்.

அவள் முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்து, "இவ்வளவு நாள் ஏன் சித்தி சொல்லல?" என்று கேட்பாள். கேட்கட்டும், அக்கா. நான் போகிறேன்.