வண்டி நிற்கவில்லை

பிளாக் 11, நெய்வேலி
11.3.1984

அன்பு மகள் சந்திராவுக்கு,

வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது, உன் கடிதம்தான் வரக் காணோம். அம்மா பார்க்கிற பார்வைக்குப் பயந்து தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

ஜனவரியில் நீ சென்னைக்குக் கிளம்பும்போது ஆறு மாதம் என்றுதான் பேச்சு. காட்டையும் அதில் உள்ள உயிர்களையும் காப்பாற்றுகிற கழகம், அவர்களுடைய செய்திமடலில் எழுதப் பழகப் போகிறேன் என்றாய். சரி என்றேன். இங்கே கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. என்னோடு புல்டோசர் ஓட்டும் வெள்ளைச்சாமி, "பாப்பாவுக்கு மெட்ராஸ்ல என்ன வேலை அண்ணாச்சி?" என்று கேட்டான். நரியைப் பற்றி எழுதுகிறாள் என்றேன். "நரி படிக்குமா?" என்கிறான்.

மே 20-ம் தேதி வாக்கில் இங்கே டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வரும் என்கிறார்கள். பர்மனென்ட் வேலை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உன் பெயர் பதிந்திருப்பதால் கார்டு வந்துவிடும். நீயும் வந்துவிடு. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை. சுரங்கத்து மண்மேட்டை நிரவும் இடத்தில் இரண்டு நாளாக ஒரு குருவி கத்திக் கத்தி உயிரை எடுக்கிறது. என் வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா அய்யாசாமி


சென்னை
18.3.1984

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் எழுதாததற்கு என்னை இரண்டு திட்டு திட்டிவிட்டு மேலே படியுங்கள். இதழ் வேலை கழுத்துவரை இருந்தது.

நரி படிக்காது என்று வெள்ளைச்சாமி மாமாவிடம் சொல்லுங்கள். நரி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் படிப்பார்கள். போன வாரம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஸ்லைடு போட்டுக் காட்டினோம். ஒவ்வொரு படத்துக்கும் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "இதெல்லாம் எங்க ஏரியிலயே இருக்குங்க டீச்சர்" என்றாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் குருவிக்குக் கண்ணருகே சிவப்புச் சதையும் மஞ்சள் காலும் இருக்கிறதா? இருந்தால் அது ஆட்காட்டி. அது மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருப்பதால் மிதித்தால்தான் தெரியும். அது கத்துவது உங்களைப் பார்த்துத்தான் அப்பா. ஒருமுறை இறங்கிப் பாருங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் அதிக நேரம் நிற்கவும் வேண்டாம். பார்த்ததை அப்படியே எனக்கு எழுதுங்கள்.

இன்டர்வியூ பற்றி மே மாதம் பேசிக்கொள்ளலாமே.

உங்கள் மகள்,
சந்திரா


நெய்வேலி
27.3.1984

அன்பு மகளுக்கு,

முட்டை இருக்கிறது. நான்கு. வண்டியை எடுப்பதற்கு முன் நடந்துபோய்ப் பார்த்தேன். என் வண்டி போகிற தடத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. இத்தனை நாள் நசுக்காமல் இருந்தது என் சாமர்த்தியம் இல்லை.

ஷிப்ட் முடிந்தால் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட முடியாது என்பது உனக்குத் தெரியும். எண்ணெய் எவ்வளவு, எந்தப் பக்கம் மண் இளகியிருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று அடுத்த ஆளிடம் நேரில் சொல்லி, லாக் புக்கிலும் எழுத வேண்டும். அன்று இரண்டு மணிக்கு ராஜாங்கத்திடம் வண்டியை ஒப்படைக்கும்போது முட்டையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பக்கத்து ஊரான வளையமாதேவிக்காரர். சிரிப்பார் என்று நினைத்தேன். "வாயால சொல்லிகினு இருந்தா ஆவாதுங்க. தள்ளி நாலு பக்கமும் கல்லு வச்சுட்டா தெரியும்" என்று அவரே கல் பொறுக்கி வைத்தார். அவர் இரவு ஷிப்டுக்கு வரும் வெள்ளைச்சாமியிடம் சொன்னார். காலையில் வெள்ளைச்சாமி என்னிடம் வண்டியைக் கொடுக்கும்போது, "எண்ணெய் முக்கால், முட்டை நாலு" என்கிறான். இப்போது தினமும் இப்படித்தான்.

வண்டியை நாங்கள் நிறுத்துவதில்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிப் போகிறோம். ஒரு சமையலறை அகலம்தான்.

"அவ நேரத்துக்குச் சாப்பிடுதாளான்னு கேளுங்க" என்கிறாள் அம்மா. கேட்டுவிட்டேன்.

அப்பா


சென்னை
7.4.1984

அன்புள்ள அப்பாவுக்கு,

இத்தோடு ஏப்ரல் இதழ் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். உங்களையும் ராஜாங்கம் மாமாவையும் வெள்ளைச்சாமி மாமாவையும் பற்றித்தான். எங்கள் இதழின் ஆசிரியர் அமிர்தம் அம்மா படித்துவிட்டு, "இதுவரை நீ எழுதியதில் இதுதான் உருப்படி" என்றார். நம் டவுன்ஷிப் நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று இனி யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

சந்திரா


நெய்வேலி
12.4.1984

சந்திராவுக்கு,

இதழ் வந்தது. கையில் வாங்கியதும் எனக்குப் பெருமையாக இருந்தது உண்மை. அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "ஒரு சிறு பறவைக்காக அந்த ராட்சத இயந்திரம் நின்றது" என்ற இடம் வந்ததும் எனக்கு மேலே வாசிக்க வரவில்லை.

வண்டி எப்போது நின்றது?

நூலகத்தில் அதைப் படித்துவிட்டு இன்ஜினியர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "வண்டி நின்னுச்சா அய்யாசாமி?" என்றார். "நிக்கல சார்." "அச்சடிச்ச தாள்ல நின்னிருக்கே" என்று லாக் புக்கை எடுத்தார். ஐந்து நிமிடம் நின்றாலும் காரணம் எழுத வேண்டும். மார்ச் முழுக்கப் பார்த்தும் அப்படி ஒரு வரி இல்லை. வண்டி நின்றிருந்தால் நாங்கள் மூன்று பேரும் பொய் எழுதியிருக்கிறோம். நிற்கவில்லை என்றால் என் மகள் பொய் எழுதியிருக்கிறாள். 19-ம் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார். அவர் கேட்டது நியாயம்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் யாருக்கும் விளக்கம் எழுதியதில்லை. ராஜாங்கம், "பொண்ணு ஆசையா எழுதிகினு போயிருக்கும், வுடுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

நடக்காததை அழகாக எழுதுவதுதான் அந்த வேலை என்றால் நமக்கு அது வேண்டாம். மே மாதம் வந்து இன்டர்வியூவில் உட்கார். இப்போதே கிளம்பி வந்தாலும் சரி.

அய்யாசாமி


சென்னை
15.4.1984

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் நான் எழுதியது "சுற்றிப் போனது" என்றுதான். புரூஃப் பார்க்கும்போது அது சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. நின்றது என்று மாற்றினேன். யாரும் சொல்லி மாற்றவில்லை. லாக் புக்கோடு வளர்ந்தவள் நான், வண்டி நிற்பது என்றால் என்ன என்று தெரிந்தும் மாற்றினேன். நினைக்க நினைக்க எனக்கே என் மேல் ஆத்திரமாக வருகிறது.

உங்கள் கடிதத்தை அமிர்தம் அம்மாவிடம் காட்டினேன். அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தில் சின்னதாகத் திருத்தம் போடலாம் என்றார். அதற்குள் 19-ம் தேதி போய்விடும் என்றேன். தனியாகத் தாள் அனுப்பினால் வாசகர்கள் நம்மை நம்ப மாட்டார்கள் என்றார். "என் அப்பா ஏற்கெனவே நம்பவில்லை" என்றேன். அவர் நகலெடுக்கிற ஸ்டென்சில் தாளை எடுத்து என் முன் வைத்தார். இதழ் வாங்கும் நானூற்றுப் பத்துப் பேருக்கும் நேற்றே அனுப்பிவிட்டோம். நூலகத்துக்கும் போயிருக்கிறது. உங்கள் விளக்கத்தோடு வைக்க அமிர்தம் அம்மா கையெழுத்திட்ட பிரதியும் உங்களுக்கென்று இன்னொன்றும் இதில் இருக்கின்றன. அதில் உள்ளது இவ்வளவுதான்:

"ஏப்ரல் இதழில் இயந்திரம் நின்றது என்று எழுதியது தவறு. இயந்திரம் நிற்கவில்லை. மூன்று ஷிப்டிலும் வேலை நடந்தது. ஓட்டுநர்கள் முட்டை இருந்த இடத்தை விட்டுச் சுற்றிப் போனார்கள். அவர்களுடைய லாக் புக்கில் உள்ளதே சரி. பிழை என்னுடையது. அ. சந்திரா."

ஜூனுக்குப் பிறகும் ஒரு வருடம் இருக்கும்படி அமிர்தம் அம்மா கேட்கிறார். எனக்கு இந்த வேலை வேண்டும் அப்பா. வா என்றால் வருகிறேன், மறுபேச்சு இல்லை. ஆனால் பொய் எழுதும் வேலை என்று நினைத்து மட்டும் கூப்பிடாதீர்கள். பொய் நான் எழுதியது, வேலை எழுதச் சொன்னது அல்ல.

சந்திரா


நெய்வேலி
24.4.1984

அன்பு மகள் சந்திராவுக்கு,

உன் தாளைச் சேர்த்து வைத்து 18-ம் தேதியே விளக்கம் கொடுத்தேன். இன்ஜினியர் இரண்டு முறை படித்தார். "இதையே முதல்ல எழுதியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். பிறகு அந்த இடம் எங்கே என்று கேட்டு, வெயிலில் நடந்து வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். காகிதம் ஃபைலுக்குள் போய்விட்டது. இனி பயமில்லை.

நூலகத்தில் பலகையில் குத்தியிருந்த தாளை ராஜாங்கம் போய்ப் படித்திருக்கிறார். "நாலு பேருக்கு முன்னால என் தப்புதான்னு எழுதறதுக்கு தைரியம் வோணுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு அனுப்பிய தாள்களில் ஒன்று இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா துவைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத் திட்டுகிறாள்.

இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போவதென்றால் மே 20, காலை பத்து மணி. போகவில்லை என்றால் கார்டின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது, குறிப்பு எழுத ஆகும். நான் இரண்டுக்கும் தயார். வெள்ளைச்சாமியிடம் மட்டும் ஒரு வருடம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

இந்த மாதம் 20-ம் தேதி காலை அவன் வண்டியைக் கொடுக்கும்போது, "எண்ணெய் அரை, குஞ்சு மூணு, முட்டை ஒண்ணு" என்றான். நூல் மாதிரிக் காலை வைத்துக்கொண்டு அவை மண்ணில் ஓடுகிற ஓட்டத்தை நீ பார்க்க வேண்டும். மறுநாளே தாயோடு மேட்டின் மறுபக்கம் போய்விட்டன. அதற்கும் மறுநாள் நாங்கள் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் நிரவிவிட்டோம்.

மே இதழில் எழுதுவாய் என்று தெரியும். பதினைந்து பிரதி அனுப்பு, மூன்று ஷிப்டுக்கும் வேண்டும். குஞ்சு மூன்று என்றே எழுது. நான்காவது முட்டை பொரிக்கவில்லை. அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா