எரிந்த படகைப் பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எந்நேரமும் நினைப்பு. தொலைபேசியில் யாரோ காது வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்குப் பயம், அதனால் வேறொரு நாட்டுக்குப் போகும் உன் சித்தப்பா கையில் இதைக் கொடுக்கிறேன், அவர் அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவார். முன்பெல்லாம் காலையில் கப்பல் ஏறினால் சாயங்காலம் உன் வீட்டு வாசலில் நிற்பேன், நடுக்கடல் எரிவாயு என்னுடையது உன்னுடையது என்று இரண்டு அரசாங்கமும் முறுக்கிக்கொண்டதிலிருந்து அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. இவ்வளவு வாயுவுக்கு அடித்துக்கொள்கிறார்கள், நம் வீட்டு சிலிண்டருக்குப் பதிவு செய்து இருபத்திரண்டு நாள் ஆகிறது, அம்மா மின் அடுப்பில் ஒவ்வொரு பாத்திரமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பது உன் காதுக்கு வந்திருக்கும், நடந்ததை என்னிடமே கேட்டுக்கொள். போன மாதம் எட்டாம் தேதி மத்தியானம் துறைமுக ரேடியோ அறையில் நான் மட்டும் இருந்தேன். கடலில் எரிவாயு எடுக்கும் நம் மேடைக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் எஞ்சின் அறை பற்றிக்கொண்டது, உள்ளே ஒன்பது பேர். நம் மீட்புப் படகு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும், உங்கள் நாட்டு ரோந்துப் படகு அரை மணி தூரத்தில் நிற்பது திரையில் தெரிந்தது. ஆனால் அவர்களோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்ற உத்தரவு என் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. மேலதிகாரியைக் கேட்டேன், "மேல கேட்டுட்டுச் சொல்றேன், நீங்களா எதையும் பண்ணிடாதீங்க" என்றார், அதோடு சரி, மறுபடி எடுக்கவே இல்லை. கடைசியில் நானே அந்தக் கரையைக் கூப்பிட்டேன். அங்கே ரேடியோவில் இருப்பவரை இருபது வருஷமாகக் குரலால் மட்டும்தான் தெரியும். "நீங்க கூப்பிட்டதா நான் எழுதியாகணுமே ஐயா" என்றார், "எழுதுங்க, முதல்ல படகை அனுப்புங்க" என்றேன்.

எட்டுப் பேரைக் காப்பாற்றிவிட்டார்கள். சமையல்காரர் மட்டும் புகையில் மூச்சடைத்துப் போய்விட்டார். மற்றவர்களை எல்லை மீறியவர்கள் என்று அங்கேயே வைத்துக்கொண்டு பேரம் நடக்கிறது. ஆட்களைப் பிடித்துக்கொடுத்ததே ரேடியோக்காரர்தான், அவர் மகள் அந்த நாட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று இங்கே பேப்பரில் எழுதிவிட்டார்கள். என்னைச் சொல்லட்டும், உன்னை இழுத்ததுதான் பொறுக்கவில்லை. அந்த எட்டில் எதிர்வீட்டு மெக்கானிக்கும் ஒருவர், அவர் மனைவி இத்தனை நாள் அம்மா முகத்தையே பார்க்கவில்லை. நேற்று வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "அவருக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணுமே தெரியாதுக்கா, உங்க பொண்ணு மூலமா சேர்க்க முடியுமா" என்று கேட்டாள். கண்ணாடியைச் சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். நீ நேரில் போய் நிற்காதே கண்ணு, உன்னையும் அங்கே சந்தேகமாகப் பார்ப்பார்கள், காவலில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் மருத்துவர் யாரிடமாவது கொடுத்துவிடு.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்து ஏன் கூப்பிட்டாய், யார் சொல்லிக் கூப்பிட்டாய், மகளிடம் கடைசியாக எப்போது பேசினாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை, அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. படகிலிருந்து முதல் குரல் வந்ததற்கும் நான் அந்தக் கரையைக் கூப்பிட்டதற்கும் நடுவே பதினொரு நிமிடம் போயிருக்கிறது. வேலை, ஓய்வூதியம், உன் பெயர் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் தீயோடு போராட, ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்தச் சமையல்காரர்தான். "சார், இருக்கீங்களா" என்று மூன்று தடவை கேட்டார். இருக்கேன் என்று மட்டும் சொன்னேன்.

அசதியாக இருக்கிறது கண்ணு. திங்கட்கிழமை என் வாக்குமூலத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள், அந்தப் பதினொரு நிமிடத்தையும் சேர்த்தே எழுதப் போகிறேன். அதற்குப் பிறகு அந்த நாற்காலி எனக்கில்லை, போகட்டும்.

குட்டிக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் பயமில்லாமல் தூங்கி எழ வேண்டும், வேறென்ன கேட்கப் போகிறேன். கண்ணாடியைத் துணியில் சுற்றியே கொடு, இடது பக்கக் காம்பு கொஞ்சம் லொடலொடக்கிறது.

என்றும் உன் நினைவாக,
அப்பா