நாய்க்குத் துக்கம் விசாரித்த நாள்

செவ்வாய், இரவு

இதனால் கடத்தூர்ப் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வகுப்பு நவீன் வீட்டு நாய் நேற்றுக் காலமானது.

நவீனின் அப்பா பள்ளிக்கு ஃபேன் வாங்கித் தந்தவர். அதனால் துக்கம் விசாரிக்க டீச்சரே ஐந்து பேரை அழைத்துக்கொண்டு இன்று மாலை அவன் வீட்டுக்குப் போனார். நான்தான் முதலில் கை தூக்கினேன்.

போன மாதம் பெங்களூரில் என் அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது இதே டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மூணு நாளா எங்கடா போன? லீவ் லெட்டர் எங்க?"

நாலு கால் போனால் கண்ணீர், ஒரு கால் போனால் லெட்டர்!

சும்மா விடுவேனா? பட்டாலே அரிப்பெடுக்கும் பூனைக்காலிச் சுணையைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்திருந்தேன். டீச்சரின் நாற்காலியில் தூவிவிட்டால் போதும், சொறிகிற கையாலேயே அவர் லீவ் லெட்டர் எழுதட்டும்.

நவீன் வீட்டு வாசலில் டீச்சருக்குப் போட்ட நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் உட்காருமுன் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். நவீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"டேய் மணி, உங்கப்பா இப்ப நடக்கறாராடா?"

ஒரு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. பொட்டலத்தைச் சாக்கடையில் வீசினேன். வெட்கக்கேடு, உடனே அழுகை வந்துவிட்டது.

டீச்சர் ஓடி வந்து என் தலையைத் தடவினார். "நாய்க்காடா கண்ணு இப்பிடி அழுவற?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கையை எடுத்துவிடப் போகிறாரே என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து அழுதேன்.