மண்டபத்துக் கடல்பசு

1961 பெப்ரவரி 12

பூரணிக்கு இருமல் தேவலை. வெயில் வந்ததால் கம்பளிகளை வேலியில் காயப்போட்டேன்.

இவருக்குப் பழைய பித்து திரும்பிவிட்டது. தோட்டத்து மருந்துக்கடை டிஸ்பென்சர் பொன்னையா ராமேஸ்வரம் போய்வந்து ஒரு சங்கதி சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு கடல்பசுவைப் பிடித்து, குளத்தில் விட்டு வளர்க்கிறார்களாம். சோற்றைப் பிசைந்துகொண்டே அதே பேச்சு. "அதை எங்கயுமே வச்சு வளர்க்க முடியாது நாகு. பிடிச்சா நாலு நாள்ல செத்துரும். இது இருக்காம். நான் பாத்துரணும்."

கல்யாணமான முதல் லீவிலேயே என்னைத் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன மனுஷர். சிங்கம், யானை பக்கம் நிற்கவே மாட்டார். யாரும் எட்டிப்பார்க்காத கூண்டாகத் தேடிப்போய் நிற்பார். ஒரு தடவை, உடம்பெல்லாம் செதிலாக இருக்கும் அழுங்கு ஒன்று வந்திருக்கிறது என்று லீவு போட்டுப் போனார். அது முந்தின நாளே செத்துவிட்டதாம். நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். வட்டவளைத் தோட்டத்தில் தேயிலைப் பெக்டரி கிளாக்கருக்கு எதற்கு இந்த ஆசை? கேட்டால், "மத்ததெல்லாம் நாளைக்கும் இருக்கும்" என்பார்.

பெப்ரவரி 20

போகத்தான் போகிறார். பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட்டும் இருக்கிறது, என்ன பயம் என்கிறார். எனக்கு அக்கரைக்குப் போகிற அந்தக் கப்பல் என்றாலே பயம்தான். மூக்கனும் வேலாயியும் அதில்தான் போனார்கள். ஐந்தாம் லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள். வேலாயி கொழுந்து எடுத்துவிட்டு வந்து எனக்குப் பாத்திரமும் கழுவித் தருவாள். மூக்கனின் அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் பிள்ளை பூரணிக்கு அப்போது இரண்டு வயது, அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். "ஒரு மாசத்துல வந்துர்றேங்கம்மா" என்று என் மடியில் விட்டுப் போனாள். போன இடத்தில் பெர்மிட் முடிந்து, திரும்பி ஏற விடவில்லை. அப்புறம், வாந்திபேதியில் இரண்டு பேரும் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

அன்றிலிருந்து பூரணிக்கு நான்தான் அம்மா.

மார்ச் 3

போய்விட்டார். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மார்ச் 11

வந்துவிட்டார். கறுத்துப்போயிருக்கிறார். "பாத்தீங்களா?" என்றேன். "பாத்தேன்." "எப்படி இருந்துச்சு?" "பெருசு."

இவ்வளவுதானா? அழுங்கைப் பார்க்காமல் வந்த அன்றே ஒரு மணி நேரம் பேசியவர்.

மார்ச் 19

இவருக்கு என்னமோ ஆகியிருக்கிறது. பூரணி சாப்பிடும்போது அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அக்கரையில் உடம்புக்கு ஏதாவது வந்ததா? வேறு ஏதாவதா? கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

மார்ச் 26

சொல்லிவிட்டார். பூரணி பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன்.

"வேலாயி சாகல நாகு."

மண்டபத்தில் அந்தக் குளத்தங்கரையில் ஒருத்தி கடல்புல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாளாம். அந்த மிருகத்துக்குத் தீனி அதுதான். கூலிக்குப் பறித்துக் கொடுக்கிறாள். இவரைப் பார்த்ததும் கட்டை அப்படியே போட்டுவிட்டு, "கிளாக்கரய்யா" என்றாளாம். மூக்கன் போனது நிஜம். இவள் பிழைத்துக்கொண்டாள். பேதி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, மறுபடி கப்பலில் ஏறப் போனாள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதிக்கிற மண்டபம் கேம்ப் பக்கமே குடிசை போட்டுக்கொண்டாள். இலங்கைக் கப்பலில் வந்தவர்கள் ஏறிவருகிற ரயிலையெல்லாம் போய்ப் பார்த்து, "வட்டவளை ஆளுக யாரும் இருக்கீங்களா" என்று கேட்பாளாம். எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாளாம். ஒருவரும் வந்து சொல்லவில்லை.

"எம்புள்ள இருக்காளாய்யா" என்றுதான் முதலில் கேட்டாளாம். இருக்கிறாள் என்றதும் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், "என்னைய ஞாபகம் இருக்கா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்குன்னு சொல்லிட்டேன்."

ரொட்டி கருகிவிட்டது.

மார்ச் 27

யாருக்குத் தெரியும்? எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த மிருகம் செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா. எல்லாக் கடல்பசுவும் நாலு நாளில் சாகும் என்றால் இது மட்டும் ஏன் சாகவில்லை. எழுதவே கூசுகிறது. ஆனாலும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 4

இவரிடம் பேசவில்லை. "நீங்க அங்க போகாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. பூரணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 17

வருஷப் பிறப்புக்குப் பொன்னையா வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "பூரணியை உங்க பிள்ளைன்னு பதிஞ்சிருங்க செல்லசாமி. உங்க பிரஜாவுரிமையில அவளும் சேந்துருவா. இல்லாட்டி நாளைக்கு அவளுக்கு எந்த நாடும் இல்லை."

இவர் தரையைப் பார்த்தார். நான், "எங்க போய்ப் பதியணும்?" என்று கேட்டேன்.

நான்தான் கேட்டேன்.

ஏப்ரல் 23

இதில் என்ன தப்பு? இங்கே இருந்தால் படிப்பாள், ஒரு நாட்டுக்காரியாக இருப்பாள், கால் நனையாத வீடு. அங்கே என்ன? ஓலைக் குடிசை, உப்புத் தண்ணீர், கூலிக்குப் புல் பறிக்கிற அம்மா. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்? வேலாயியே வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அவள் எப்படி வந்து கேட்பாள்.

மே 6

ஹட்டனுக்குப் போனோம். வக்கீல் நல்ல மாதிரி. பூரணிக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். எல்லாம் சுலபம்தான் என்றார். ஒரு சத்தியக் கடதாசி மட்டும் வேண்டும். பிள்ளையைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

வேண்டாம் என்று இவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது கையெழுத்துப் போட்டிருப்பேன். சொல்லவில்லை. பேனா என் கையில் இருந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு நிற்கிற வேலாயி கண்ணுக்குள் வந்து நின்றாள். அவள் செத்துவிட்டாள் என்று நான் எழுத வேண்டும்.

"இன்னொரு நாளைக்கு வர்றோங்க" என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

மே 7

அழுது தீர்ந்தது.

மே 14

பூரணிக்குத் தலை வாரிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். வேலாயி எவ்வளவு சுறுசுறுப்பாகக் கொழுந்து எடுப்பாள், எப்படிப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவாள், அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு எப்படி ராவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். கதை கேட்கிற மாதிரி கேட்டாள். "அவங்க யாரு?" என்றாள்.

"உன்னைப் பெத்தவங்க."

"அப்ப நீங்க?"

ஜடையை அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினேன்.

ஜூலை 1

பூரணியை வேலாயியிடம் கூட்டிப்போக, கண்டியில் இந்திய ஆபீசில் பத்திரம் கிடைத்துவிட்டது. கிடைக்காது என்பார்கள், அப்போது நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஆகஸ்ட் 9, மண்டபம்

பொல்காவலையில் வண்டி மாறி, கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, மறுபடி ரயில். பூரணி வழியெல்லாம் வாந்தி.

வேலாயியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெயிலில் வற்றிப்போயிருக்கிறாள். "கும்பிடுறேங்கம்மா" என்றாள். பூரணி என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேலாயி கிட்டே வரவில்லை. கையை நீட்டவும் இல்லை. "தீனி வைக்கிற நேரமுங்க" என்று புல் கட்டைத் தூக்கிக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.

நனைந்த பாறை மாதிரி ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து எழும்பியது. மூக்கைத் திறந்து ஒரு மூச்சு விட்டது. ஆள் பெருமூச்சு விடுகிற மாதிரியே இருந்தது. முள் முள்ளாக மீசை. வேலாயியின் கையிலிருந்து புல்லை உதட்டால் மெதுவாக வாங்கிக்கொண்டது.

பூரணி சேலையை விட்டுவிட்டாள். "அது கடிக்குமா?"

என்னைக் கேட்கவில்லை.

"கடிக்காது தாயி. ரொம்பச் சாது. வா, நீ குடு."

செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். நான் செருப்போடு கரையில் நின்றேன். இதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போன மனுஷர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 13

சத்திரத்தில் தங்கியிருக்கிறோம். விடிந்ததும் பூரணி, "புல்லு பறிக்கப் போறேன்" என்று ஓடிவிடுகிறாள். இருட்டினால் என்னிடம் வந்து படுத்துக்கொள்கிறாள். நேற்று வேலாயியிடம் கேட்டேன், இங்கே படிப்புக்கு என்ன செய்வாய் என்று. "பள்ளிக்கூடம் கிட்டத்தாங்கம்மா இருக்கு. பட்டினி கிடந்தாலும் அனுப்புவேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் முதல்தடவையாக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

இன்று இருட்டியும் பூரணி வரவில்லை. போய்ப் பார்த்தேன். குடிசையில் வேலாயி மடியிலேயே தூங்கிவிட்டாள். எழுப்பட்டுமா என்று வேலாயி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 16

நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். பூரணி அழுதாள். நான் அழவில்லை. ரயில் பாலத்தில் ஏறியதும் இவர்தான் அழுதார். என் கையைப் பிடித்தார், இந்தத் தடவை உதறவில்லை.

செப்டம்பர் 4

மழை. இவர் நேரத்தோடு பெக்டரிக்குப் போய்விட்டார்.

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வாசலில் நின்று கூப்பிட்டார். பள்ளிக்கூடம் திறந்து பூரணி வரவில்லையே, பேரை வெட்டிவிடலாமா என்று கேட்க வந்திருக்கிறார். வெட்டிவிடுங்கள் என்றேன். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "எங்க போயிருக்கான்னு போடணுங்களே" என்றார்.

"அம்மாகிட்ட போயிருக்கான்னு போடுங்க" என்றேன்.