மேம்பாலத்தில் நான் வைத்த புள்ளி

ஜூலை 8, செவ்வாய்

மழை. இன்று எட்டு ரோட்டுச் சந்திப்புகளைத் திருத்தி முடித்தேன். போனில் வழி காட்டும் மேப்பில் ரோட்டுக் கோடுகளைத் திருத்துவதுதான் என் வேலை. என் வீட்டுக்காரர் இவர் டாக்சி ஓட்டுகிறார். பதினெட்டு வருஷமாக மேப் இல்லாமலே ஓட்டினவரை நச்சரித்துப் போட வைத்தது நான்தான். மேப்பில் வழி சொல்லும் பெண் குரலுக்கு "ஒங்க அக்கா" என்று பேர் வைத்திருக்கிறார்.

ஜூலை 9

செம்பூர் மேம்பாலத்து உச்சியில் வைத்து இடதுபக்கம் திரும்பச் சொல்லியிருக்கிறது மேப். இவர் பிரேக் போட்டு, கீழ் ரோட்டைத்தான் சொல்கிறதோ என்று இறங்கிச் சுற்றி வருவதற்குள் பாசஞ்சருக்குக் குர்லாவில் ரயில் போய்விட்டது. புகார். ஒரு வாரம் சவாரி கிடையாது என்றுவிட்டார்கள்.

"ஒங்க அக்கா திரும்புன்னுட்டா. கீழயா குதிக்க?" என்று சிரித்தார். சாப்பிடும்போது, "எனக்குத்தாம்ளா மேப்பு பாக்கத் தெரியல" என்றார்.

ஜூலை 10

என் எடிட்தான். ஐயோ.

மேலே பாலம், கீழே ரோடு. திரையில் இரண்டு கோடும் குறுக்கே வெட்டும். அங்கே புள்ளி வைத்தால் இரண்டும் சேர்கிறது, திரும்பலாம் என்று அர்த்தம். பாலத்தில் வைக்கவே கூடாது. கை பழக்கத்துல வச்சிட்டியேடி! தெனமும் அந்தப் பாலத்துக்குக் கீழதான பஸ் பிடிக்கே?

ஜூலை 11

சொல்லவில்லை.

ஜூலை 12

பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "நாந்தாம் வழிய விட்டுட்டேன்" என்கிறார். 

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அழுகைதான் முதலில் வந்தது.

சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்கா மூணு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு அலைஞ்ச? எம்மேல என்னமோ கோவம்னுல்லா நெனச்சேன்." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "கெளம்பு ராணி. மேப்பு வரையுதவ ரோட்டப் பாக்க வேண்டாமா?"

பாலத்து மேலே இரண்டு தரம், கீழே இரண்டு தரம். யூ-டர்ன் சிக்னலுக்கு அந்தப் பக்கம்தான். இடது வழியில் பஸ் மட்டும். இவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இவருக்கா மேப் பார்க்கத் தெரியாது? வடாபாவ் வாங்கித் தந்தார். மனசு லேசாக இருக்கிறது.

ஜூலை 14

புள்ளியை எடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

இவரோடு டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் பேச்சிராஜா, பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "மதினி, பாலத்துல மேப்பு இப்ப சரியாச் சொல்லுது. நீங்கதாம் சரி பண்ணுனீங்களாமே? ஒங்க வீட்டுக்காரன் மாரிக்கண்ணன் ஸ்டாண்டு பூரா சொல்லிக்கிட்டு அலையுதான்."

"தப்பு எப்படி வந்துச்சுன்னு சொன்னாங்களா?"

"அவன்தாம் அன்னைக்கு வழிய விட்டுட்டானாமே."

என் தப்பு என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

"இல்லண்ணே. அந்தத் தப்பும் நான் பண்ணுனதுதான்" என்றேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பேச்சிராஜாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டதை நானே சொல்ல, முதலில் இவருக்கு போன் போட்டேன்.